மீயிலகு வானூர்தி: உடைமையும் பயிற்சியும்

மீயிலகு வானூர்தி (அல்ட்ராலைட்) என்பது குறைந்த எடையும் குறைந்த வேகமும் கொண்ட சிறு பறக்கும் ஊர்தி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இதனை ஓட்டுநர் உரிமமோ பதிவோ இன்றி வைத்திருக்கவும் ஓட்டவும் சட்டம் இடமளிக்கிறது. எனினும், உரிமம் தேவையில்லை என்பதால் பயிற்சியும் தேவையில்லை என்றாகிவிடாது.

வரலாறு

1970களில் அமெரிக்காவில் தொங்கு மிதவை வானூர்திகள் பரவலாயின. பெரும்பாலும் மலைச்சரிவிலிருந்து ஓடியே இவற்றில் பறந்தனர். சமதரையிலிருந்தும் எழும்ப விரும்பியவர்கள் இவற்றில் சிறு எஞ்சின்களைப் பொருத்தினர். ஜான் மூடி என்பவர் 1976இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் வானூர்தித் திருவிழாவில் இவ்வாறு பறந்து காட்டினார். அதன்பின் இவ்வகை ஊர்திகள் பெருகின. 1982இல் நடுவண் வான்போக்குவரத்து நிர்வாகம் இவற்றுக்கெனப் 'பகுதி 103' என்னும் விதிகளை வெளியிட்டது.

விதிகள்

எஞ்சின் உள்ள மீயிலகு ஊர்திக்குப் பின்வரும் வரம்புகள் உண்டு:

- ஒருவர் மட்டுமே பறக்கலாம்.
- வெற்று எடை 254 பவுண்டுக்குக் (சுமார் 115 கிலோ) குறைவாக இருக்க வேண்டும். மிதவைகளும் அவசரகாலப் பாதுகாப்புக் கருவிகளும் இதில் சேரா.
- எரிபொருள் கொள்ளளவு 5 அமெரிக்கக் கேலனை (சுமார் 19 லிட்டர்) மீறக்கூடாது.
- சமமட்டப் பறப்பில் முழு விசையில் வேகம் 55 நாட்டுக்கு (மணிக்குச் சுமார் 102 கி.மீ.) மேற்படக்கூடாது.

பகலில்தான் பறக்க வேண்டும். நகரங்கள், மக்கள் கூட்டங்கள் ஆகியவற்றின் மேல் பறக்கக்கூடாது. இந்த வரம்புகளின் நோக்கம், விபத்து நேர்ந்தால் பிறருக்கு ஏற்படும் தீங்கைக் குறைப்பதாகும். ஓட்டுபவரின் பாதுகாப்புப் பெரிதும் அவர் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது.

சொந்தமாக வைத்திருத்தல்

பலர் உதிரிப்பாகத் தொகுப்பாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்கின்றனர். அரசின் தகுதிச் சான்று தேவையில்லாததால் உரிமையாளரே பரிசோதகராகவும் இருக்க வேண்டியுள்ளது. பழைய ஊர்தி வாங்குவோர் அலுமினியக் குழாய்களில் வளைவோ விரிசலோ உள்ளதா, கம்பி வடங்களில் இழை பிரிந்துள்ளதா, இறக்கைத் துணி வெயிலில் நைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஈரடி எஞ்சின்கள் பலவற்றில் பெட்ரோலுடன் எண்ணெயைச் சரியான அளவில் கலந்தே ஊற்ற வேண்டும். கலவை தவறினால் எஞ்சின் இறுகி, பறக்கும்போதே நின்றுவிடக்கூடும்.

பயிற்சி

இருக்கை ஒன்றே என்பதால் இதில் ஆசிரியர் உடன் வர இயலாது. முதல் பறப்பே தனிப் பறப்பு. ஆகவே, அதற்கு முன்னரே பதிவு பெற்ற ஈரிருக்கை வானூர்தி ஒன்றில், தகுதியுள்ள ஆசிரியரிடம் பழகுவது நல்லது. அந்த வானூர்தி, வாங்கவிருக்கும் ஊர்தியைப் போலவே இயங்குவதாக இருக்க வேண்டும்.

பெரிய விமானம் ஓட்டியவர்களுக்கும் இது பொருந்தும். விமானத்தில் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளினால் மூக்கு தாழும். உடல் எடையை நகர்த்தி ஓட்டும் ஊர்தியிலோ குறுக்குக் கம்பியை முன்னே தள்ளினால் மூக்கு உயரும். அவசர வேளையில் பழைய பழக்கத்தில் கை தவறான பக்கம் செல்ல வாய்ப்புண்டு.

மற்றொரு வேறுபாடு, எஞ்சின் நிற்கும்போது தெரியும். எடை குறைவாகவும் காற்றுத் தடை மிகுதியாகவும் இருப்பதால் வேகம் சட்டெனக் குறைகிறது. உடனே மூக்கைத் தாழ்த்தாவிட்டால் இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும். எஞ்சின் இன்றித் தரையிறங்குவதும், இறங்கத்தக்க வயலொன்றை எப்போதும் பார்வையில் வைத்திருப்பதும் இதனாலேயே பயிற்சியின் இன்றியமையாத பகுதிகளாகின்றன. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று இலகுவான ஊர்தியை எளிதில் அலைக்கழிக்கும். எனவே புதியவர்களுக்குக் காற்று அடங்கிய அதிகாலையும் மாலையும் ஏற்றவை.

பிற நாடுகள்

இத்தளர்வு எல்லா நாடுகளிலும் இல்லை. எடுத்துக்காட்டாக, பிரித்தானியாவில் எஞ்சின் பொருத்திய ஓரிருக்கை நுண்ணிலகு வானூர்திகள் பலவற்றுக்குத் தகுதிச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவற்றை ஓட்ட உரிமம் வேண்டும்.