அந்தி ஒளியில் பறவைப் படம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் ஏரியில் வாழும் வக்கா என்னும் இராக்கொக்கு, பகலில் பெரும்பாலும் கிளைகளில் ஒடுங்கியிருந்து, மற்ற நீர்ப்பறவைகள் அடையத் திரும்பும் அந்தி வேளையில் இரைதேடப் புறப்படுவதால், அது பறக்கும் அழகைப் படமெடுக்க விரும்புவோர் மங்கிய ஒளியையே நம்பவேண்டியுள்ளது.

அசையாதிருக்கும் பறவைக்கு, கேமராவினுள் ஒளி விழும் கால அளவாகிய ஷட்டர் வேகம் நொடியில் 125இல் ஒரு பங்கு இருந்தால் போதும் என்றாலும், பறக்கும் பறவையின் சிறகு கலங்காமல் பதிய 1,000இல் ஒரு பங்கு தேவைப்படுகிறது. இதனால் உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைய, அதை ஈடுசெய்ய ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 800இலிருந்து 6,400ஆக உயர்த்த நேர்ந்து, படத்தில் 'இரைச்சல்' எனப்படும் பொடிப்புள்ளிகள் பெருகுகின்றன. எனினும் அவற்றை மென்பொருளால் பின்னர் குறைக்கலாம் என்பதால், இருளுக்குப் பழகிய பறவையின் கண்ணைக் கூசச்செய்யும் ஃபிளாஷைத் தவிர்ப்பதே முறை.

படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரங்கள் கோப்பிலேயே பதிந்திருக்கக்கூடும் என்பதால், இணையத்தில் பகிரும்போது அவை கூடு இருக்குமிடத்தை வேட்டைக்காரருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். காட்டுப்பறவைகளின் கூட்டையோ முட்டைகளையோ தொந்தரவு செய்வதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே, இட விவரங்களை நீக்கிய பின்னரே படங்களைப் பகிருங்கள். கூட்டிலிருக்கும் பறவையின் படத்தைப் பகிராமலே விடுங்கள்.