குடையிலிருந்து இறங்கும் கறுப்பு கேபிள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். இந்த ஊர் மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் குடையை நிறுத்தினால் அது தென்கிழக்கே பார்க்கவேண்டும். 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்கிறது. அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரம் என்பதால் எந்தக் குன்றும் குறுக்கே வராது. ஆனால் 36,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த அலை, குடைக்கு வரும்போது அநியாயத்துக்கு மெலிந்திருக்கும். ஒரு வாட்டை லட்சம் கோடி பங்காக்கினால், அதில் சில பங்குதான் கையில் சேரும். வானத்தைத் தாண்டி வந்த அதை டிவி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கறுப்பு கேபிள்.

குடையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, விநாடிக்கு ஆயிரம் கோடி முறைக்கு மேல் துடிக்கும் அலையை வலுவாக்கி, 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையாக இறக்கிக் கேபிளில் விடுகிறது. எல்என்பிக்கு மின்சாரம் ஏது? அதே கேபிளில்தான், கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸிலிருந்து எதிர்த்திசையில் ஏறுகிறது. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்தாக அதிரும் அலைகளைப் பிடி என்று பொருள். 18 வோல்ட் என்றால் கிடைமட்ட அலைகளை. படம் இறங்குகிறது, மின்சாரமும் கட்டளையும் ஏறுகின்றன. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

கேபிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் அலுமினியத் தாள், பின்னல் வலை, கடைசியில் கறுப்புத் தோல். கம்பிக்கும் வலைக்கும் அச்சு ஒன்றே. அதனால் இது இணையச்சு வடம், நாம் சொல்லும் கோஆக்சியல் கேபிள். 1880இலேயே ஆலிவர் ஹெவிசைட் இந்த அமைப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுவிட்டார். நடுக்கம்பியில் ஒரு திசையில் மின்னோட்டம், வலையின் உட்பரப்பில் அதே அளவு எதிர்த்திசையில். வெளியே இரண்டின் விளைவுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அலை ஓடுவது உண்மையில் உலோகத்தில் அல்ல, இடையிலிருக்கும் அந்த நுரையில்! பாதிக்கு மேல் வாயுக் குமிழிகளான நுரை அது. விநாடிக்கு ஏறக்குறைய 2.5 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அலை அதில் பாய்கிறது.

நடுக்கம்பியைக் காந்தத்திடம் காட்டினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு. ஏமாற்று வேலை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். இதற்குத் தோல் விளைவு என்று பெயர். 1,000 மெகாஹெர்ட்ஸில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் 2 மைக்ரோமீட்டர், தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கு அருகில். ஆனால் எல்என்பிக்கு ஏறும் மின்சாரம் முழுக்கம்பியையும் பயன்படுத்தும். கேபிள் ரொம்ப நீளம் என்றால் முழுச் செம்புக் கம்பிதான் சரி.

வீட்டு ஒயரிங்கில் இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றினால் விளக்கு எரிகிறது. இங்கே ஏன் அது செல்லாது? வீட்டு மின்சாரத்தின் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். மூன்று சென்டிமீட்டர் முறுக்கு அதற்கு ஒன்றுமே இல்லை. 2,150 மெகாஹெர்ட்ஸில் கேபிளுக்குள் அலைநீளம் 12 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கம்பியின் தடிமனுக்கும் வலையின் விட்டத்துக்கும் உள்ள விகிதமும், இடையிலுள்ள நுரையும் சேர்ந்து மின்மறுப்பை, அதாவது இம்பீடன்ஸை, 75 ஓமில் நிறுத்துகின்றன. விகிதம் குலைந்த இடத்தில் அலையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். பழைய டிவியில் ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் நிழல்முகம் தெரிந்ததே, அதற்கு இப்படிப் பிரதிபலித்துத் தாமதமாக வந்த அலையும் ஒரு காரணம். கேபிளைச் சுவர் முனையில் மடக்கி நசுக்கினாலும் நுரை அமுங்கி இதே கதைதான்.

ஆகவே கேபிளின் நுனியைச் சீவும் வேலை என்பது அந்த விகிதத்தைக் கடைசி மில்லிமீட்டர் வரை காப்பாற்றும் வேலை. கறுப்புத் தோலை உரித்து, வலையைப் பின்னால் மடித்துவிடுங்கள். நுரையை ஒட்டிய அலுமினியத் தாள் அப்படியே இருக்கட்டும். நுனியில் 6 மில்லிமீட்டர் கம்பி வெறுமையாக, அதன்பின் 6 மில்லிமீட்டர் வெள்ளை நுரை. கத்தி கம்பியில் கீறினால் செம்புப் பூச்சு போய்விடும். பாதை போனதற்குச் சமம். வலையின் ஒரே ஒரு இழை கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி எல்என்பி இறந்துகிடக்கும்.

பிறகு, சீவிய நுனியில் மாட்டும் எஃப் கனெக்டர். 1950களில் அமெரிக்காவின் ஜெரால்டு நிறுவனத்தில் எரிக் வின்ஸ்டன் வடிவமைத்தது. இதற்குள் தனி முள் கிடையாது. கேபிளின் சொந்தக் கம்பியே முள். மலிவுக்கு மலிவு, விகிதமும் குலையவில்லை. நுரையின் முகம் கனெக்டரின் உள்தரையோடு சமமாக நிற்க, கம்பி வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீள வேண்டும். திருகும் வகையைவிட, கருவியால் அமுக்கும் கம்ப்ரெஷன் வகை பல வருடம் உழைக்கும்.

ஐப்பசி மழை மட்டும் மன்னிக்காது. பின்னலுக்குள் புகுந்த நீர் இழைகளின் வழியே மீட்டர் கணக்கில் ஊர்ந்து போகும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

மாடியில் டேப் சுற்றிய முறுக்கு ஒட்டு கண்ணில் பட்டால் வெட்டி எறியுங்கள். இருபுறமும் எஃப் கனெக்டர் போட்டு நடுவே ஒரு ஜாயினர் வையுங்கள். அதற்கு முன்னால், மறக்காமல் செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.