தூண்டில் ஈயக்குண்டை வீட்டில் வார்க்கிறீர்களா?

வீவக வீட்டுச் சமையலறையில் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பவரா நீங்கள்? ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம், நஞ்சு. குண்டு சுருக்கம் விழுந்து, முனை நிரம்பாமல் வந்தால் ஈயமோ அச்சோ போதிய அளவு சூடேறவில்லை என்று பொருள். அதற்காக அடுப்பைக் கூட்டாதீர்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு மேல் சூடு ஏற ஏற நச்சுப் புகையும் கூடும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும். கசடின் தூசு பேரப்பிள்ளைகள் தவழும் தரையில் படியும். உங்கள் உடலில் சேர்ந்தது எலும்பில் பல்லாண்டு தங்கி, முதுமையில் எலும்பு தேயும்போது மீண்டும் இரத்தத்தில் கலக்கும்.

வார்ப்பதை நிறுத்துங்கள், குண்டைக் கடையில் வாங்குங்கள். வார்த்த இடத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு இருந்தால் புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தக மருத்துவரிடம் ஈயம் வார்த்ததைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.