சிறு திருத்தமும் பெரும் பயனும்

தொழில் விருத்தியடையப் பெருமுதல் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். முதல் வேண்டியதே, ஆயினும் இருக்கும் முதலிலும் உழைப்பிலும் வீணாவது எவ்வளவு என்று கணக்கிடுவோர் சிலரே. அவ்வீணை நாள்தோறும் சிறிது சிறிதாகக் களைந்து வருவதை ஜப்பானியர் ‘கைசென்’ என்பர். நல்லதாக மாற்றுதல் என்பது அதன் பொருள்.

இம்முறைக்குப் பேர்போனது டொயோட்டா மோட்டார் தொழிற்சாலை. அக்குடும்பத் தொழிலுக்கு மூலபுருஷரான சகிச்சி டொயோடா (1867–1930) ஒரு தச்சரின் புதல்வர். 1924-ல் அவர் முடித்த தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தாலும் தானே நின்றுவிடும். ஆகவே பழுதான துணி வளராது. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம். பழுது தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்துக என்னும் இவ்விதி பின்னர் மோட்டார் தொழிற்சாலைக்கும் வந்தது. அங்கே குறை கண்ட தொழிலாளர் கயிற்றை இழுத்துத் தெரிவிப்பர். உடனே சரியாகாவிடில் வேலை வரிசை நின்றுவிடும்.

நின்றபின் செய்யத்தக்கது யாது? தாயிச்சி ஓனோ (1912–1990) என்னும் நிபுணர், “ஏன்?” என்று ஐந்து முறை வினவக் கற்பித்தார். அவர் காட்டிய உதாரணம் வருமாறு: யந்திரம் ஏன் நின்றது? பளு மிகுந்து பியூஸ் போயிற்று. பளு ஏன் மிகுந்தது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் உட்புகுந்தது. முதல் வினாவோடு நின்றவர் பியூஸை மாற்றுவார். யந்திரம் மறுபடியும் நிற்கும். ஐந்தாம் வினாவரை சென்றவர் வடிகட்டி பொருத்துவார்.

2014-ல் டொயோட்டா கம்பெனியார் இம்முறையை நெல் வயலுக்கும் கொண்டு சென்றனர். ஐச்சி, இஷிகவா மாகாணங்களில், பலருடைய சிதறிய வயல்களை ஒப்புக்கொண்டு பயிரிடும் பண்ணைகள், எவ்வயலில் எவ்வேலை, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைக் கைப்பேசியில் பதிந்து, அதைக்கொண்டு மேல்வேலையை வகுத்துக்கொள்ள வழி செய்தனர்.

நம் விவசாயிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்க. நாற்று ஆண்டுதோறும் மிஞ்சுகிறதாயின், விதைத்த அளவு, நட்ட பரப்பு, மிஞ்சிய முடிகள் ஆகியவற்றைக் குறித்து வைக்க. காரணம் விதையளவா, நடவு இடைவெளியா என்று ஆராய்ந்து, ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த போகத்தில் ஒப்பிடுக. நன்மை கண்டால் அதையே விதியாக்குக. இல்லையேல் பழைய முறைக்குத் திரும்புக. இரண்டு மூன்றை ஒருங்கே மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்பது புலப்படாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. “யார் செய்த தவறு?” என்று அதட்டினால் வேலையாட்கள் குறையை மறைப்பர், “ஏன் நேர்ந்தது?” என்று கேட்டால் தாம் கண்டதைச் சொல்வர். டொயோட்டா தொழிற்சாலையில் 1951 முதல் தொழிலாளரின் யோசனைகளைக் கேட்டுப் பெறும் ஏற்பாடு உண்டு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் உடையும் வாய்க்கால் கரைக்கு மணல் மூட்டை அடுக்குவது, பியூஸை மாற்றுவதையே ஒக்கும். நீர் வற்றிய கோடையில் அவ்விடத்திற்குச் சென்று, அங்கு மட்டும் கரை உடைவது ஏன் என்று ஐந்து முறை வினவுவாராக.