எப்சிலான் இண்டியின் குளிர்ந்த பெருங்கோள்

சூரியனைவிட நிறை குறைந்து, மேற்பரப்பும் ஓரளவு குளிர்ந்திருக்கும் விண்மீன்கள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்வதால் அவை செம்மஞ்சள் குறுமீன்கள் எனப்படுகின்றன. பூமியிலிருந்து ஏறத்தாழ 12 ஒளியாண்டுத் தொலைவில், தெற்கு வானில் வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் எப்சிலான் இண்டி அவ்வகையைச் சேர்ந்தது. அதைச் சுற்றும் பெருங்கோள் ஒன்றை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி நேரடியாகப் படம்பிடித்ததை, எலிசபெத் மேத்யூஸ் தலைமையிலான குழு 2024 ஜூலையில் நேச்சர் இதழில் அறிவித்தது.

புறக்கோள்கள், அதாவது பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள், ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டிருந்தாலும் அவற்றுள் படத்தில் சிக்கியவை மிகச் சில. அவையும் பெரும்பாலும் பிறந்தபோது பெற்ற வெப்பம் இன்னும் ஆறாத இளங்கோள்கள். எப்சிலான் இண்டியின் கோளோ பல நூறு கோடி ஆண்டுகள் ஆறியது. அதன் வெப்பநிலை சுமார் 2 பாகை செல்சியஸ். இத்தகைய குளிர்ந்த பொருள் கண்ணுக்குப் புலனாகாத நடு அகச்சிவப்புக் கதிர்களையே மிகுதியாக உமிழ்கிறது. அதே கதிர்களைப் பூமியின் வளிமண்டலமும் உமிழ்ந்து தரைத் தொலைநோக்கிகளின் பார்வையைக் கெடுப்பதால், விண்வெளியில் இருந்தபடி, விண்மீனின் ஒளியை அடக்கிவிட்டு அருகிலுள்ள மங்கிய புள்ளியைக் காட்டும் கருவி தேவைப்பட்டது.

கோள் ஒன்று இருக்கக்கூடும் என்பது முன்பே தெரிந்ததுதான். கோளின் ஈர்ப்பால் விண்மீன் மிக நுண்ணிய அளவில் தள்ளாடுகிறது. அத்தள்ளாட்டத்தைப் பல ஆண்டுகள் அளந்தவர்கள் வியாழனைப்போல் சுமார் 3 மடங்கு நிறையுள்ள கோளைக் கணித்திருந்தனர். படத்தில் தென்பட்டதோ 6 மடங்குக்கும் சற்று மிகுந்த நிறையுடன், எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருந்தது. இதைக் கணக்கின் பிழை என்று சொல்லிவிடுவது முறையாகாது. ஒரு சுற்றுக்கு நூறாண்டுக்கும் மேல் ஆகக்கூடிய பாதையில் சிறு வளைவை மட்டும் கண்டு முழுவட்டத்தை வரைய நேர்ந்ததன் விளைவே அது. சிலியில் உள்ள பெருந்தொலைநோக்கி 2019இல் எடுத்த பழைய பதிவுகளைத் துழாவியபோது அங்கும் அந்தப் புள்ளி அகப்பட்டதால், அது பின்னணியில் உள்ள வேறொரு விண்மீனன்று என்பது உறுதியாயிற்று.

இன்னொரு புதிரும் உண்டு. 3.5 முதல் 5 மைக்ரான் வரையான அலைநீளங்களில் இக்கோள் எதிர்பார்த்த அளவுக்கு ஒளிரவில்லை. மீத்தேனும் கார்பன் சேர்மங்களும் அவ்வொளியை உறிஞ்சியிருக்கலாம், அல்லது மேகங்கள் அதை மறைத்திருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட, கோளின் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்து ஆராயும் நிறமாலைப் பதிவே வேண்டும்.