மொட்டை மாடி மெரீனா!

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்கேயாவது வெளியே போலாமா?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என் மனைவி இந்தக் கேள்வியைக் கேட்காத சனிக்கிழமை கிடையாது. என் பதிலும் மாறியது கிடையாது. "பார்க்கலாம்!"

'பார்க்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம் என்பது குடும்பஸ்தர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆறு நாள் ஆபீஸ் போய் வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கைலி, டி.வி., மத்தியானத் தூக்கம். இந்த மூன்றையும் துறந்துவிட்டு மெரீனா மணலில் போய் உட்கார நான் என்ன சந்நியாசியா?

2020 மார்ச் 24 ராத்திரி, நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் டி.வி.யில் அறிவித்தபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் குஷிதான். இனிமேல் 'எங்கேயாவது போலாமா' கிடையாது. அரசாங்கமே என் கட்சி!

அந்தக் குஷி சரியாகப் பத்து நாள் தாங்கியது.

மடிப்பாக்கத்தில் முதல் மாடி போர்ஷன் எங்களுடையது. இரண்டு ரூம், ஒரு ஹால். அதற்குள் நான், மனைவி, ஐந்து வயது மகள், அப்பா. அப்பாவுக்கு 71 வயசு. சர்க்கரை உண்டு. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். 'இந்த மாதிரி ஆட்களைத்தான் கொரோனா முதலில் தேடுகிறது' என்று டி.வி.யில் டாக்டர்கள் தினமும் சொன்னார்கள். அப்பா சேனலை மாற்றிவிடுவார்.

எங்கள் வீட்டு ஜாக்கிரதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பால் பாக்கெட்டுக்கு சோப்புப் போட்டுக் குளியல். கொத்தமல்லிக் கட்டுக்கு மஞ்சள் தண்ணீரில் முக்கல். ரூபாய் நோட்டுகள் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டு காயும். தொட்டால் ஒட்டுவதைவிட, மூடிய அறையின் காற்றில் கலந்து நிற்பதுதான் பெரிய ஆபத்து என்பதெல்லாம் பிறகுதானே நமக்கு உறைத்தது!

இதையெல்லாம் ஒரு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் குப்பை வண்டிச் சத்தம் கேட்டு, "வா குட்டி, கீழே போய்ப் போட்டுட்டு வரலாம்" என்றேன். வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால்கனிக்குக் கூப்பிட்டேன். அதற்கும் வரவில்லை. ராத்திரி லைட்டை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா... நான் வெளியே போனா தாத்தா செத்துப் போயிடுவாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யார் இவளுக்குச் சொன்னார்கள்? வேறு யார்... நாங்கள்தான். தினமும் பத்துத் தடவை, வேறு வேறு வார்த்தைகளில்.

அன்றைக்குத்தான் 'எங்கேயாவது போலாமா' என்ற கேள்வி முதல் தடவையாக என் வாயிலிருந்து வந்தது. எங்கே போவது? அதற்கு மட்டும் பதில் இல்லை. பீச், பூங்கா, தியேட்டர், கோயில் எல்லாம் பூட்டு. செங்கல்பட்டுக்குப் போக வேண்டுமென்றாலே இ-பாஸ்!

*

வழிகாட்டியது சூரிய பகவான்.

ஜூன் 21, ஞாயிறு. சென்னையில் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. தெருவில் நாய்கூட இல்லை. அன்றைக்குச் சூரிய கிரகணம். வடக்கே ராஜஸ்தான், ஹரியானா பக்கமெல்லாம் வளையமாகத் தெரியும், நமக்கு மூன்றில் ஒரு பங்குதான் மறையும் என்று போட்டிருந்தார்கள். நேராகப் பார்க்கக் கூடாது. கிரகணக் கண்ணாடி வாங்கக் கடை இல்லை. ஸ்கூலில் படித்த ஊசித்துளை காமிரா ஞாபகம் வந்தது. சமையலறைக்குள் புகுந்தேன்.

முதலில் இட்லித் தட்டு. ஓட்டை பெரிசு, நிழல் மங்கலாக விழுந்தது. அடுத்து ஜல்லிக் கரண்டி. பரவாயில்லை ரகம். மூன்றாவதாக மனைவி பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் ஓமப்பொடி அச்சு!

மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, அச்சை மேலே தூக்கிப் பிடித்தேன். ஆஹா! ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சூரியன். அத்தனை சூரியனிலும் ஓரத்தில் ஒரு கடி.

"குட்டி... ஓடி வா! சூரியனை யாரோ கடிச்சு வச்சிருக்காங்க!"

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். ஒரு கால் வெளியே. மறுபடி உள்ளே. தாத்தா ஏற்கெனவே மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். (கிரகணத்தின்போது வெளியே வரக்கூடாது என்று அவரிடம் சொல்ல எங்கள் அம்மா இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு விஞ்ஞானம் தோற்றிருக்கும்.) தாத்தா வெளியேதான் இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் வெறுங்காலோடு ஓடி வந்து, வேட்டியில் விழுந்த சூரியன்களை எண்ண ஆரம்பித்தாள்.

மூன்று மாதத்தில் முதல் தடவை. மேலே வானம், நாலு பக்கமும் காற்று. பக்கத்து மாடியிலும் ஒரு குடும்பம்; நடுவில் இருபதடி இடைவெளி. அங்கிருந்து ஒரு மாமி கத்திக் கேட்டார்: "சார், அது தேன்குழல் அச்சா, ஓமப்பொடியா?"

*

செப்டம்பர் மாதம் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றார்கள். ஞாயிறு முழு ஊரடங்கும் போனது. ஊரே வெளியே பாய்ந்தது. நாங்களும் பாயலாம்... ஆனால் அப்பா?

என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். தலைக்கு மேலே கூரை இருக்கக் கூடாது. ஊர் எழுந்திருக்கும் முன்னால் போய்த் திரும்பிவிட வேண்டும். சொந்த வண்டி. வெளியே சாப்பாடு கிடையாது; சாப்பிட வேண்டுமென்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே! இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் கொரோனா இல்லை, பாத்ரூம். குடும்பத்தோடு வெளியே போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

இதே நேரத்தில் ஜப்பான்காரர்கள் 'மூடிய இடம், கூட்டமான இடம், முகத்துக்கு முகம் பேச்சு, மூன்றையும் தவிருங்கள்' என்று நாடு பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். என் மனைவிக்கு ஜப்பானீஸ் தெரியாது. ஆனாலும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்திருந்தாள்!

இந்தச் சட்டத்துக்குள் அடங்குகிற இடம் சென்னையில் எது என்று தேடினால், வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் கிடைத்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம்!

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் ரோட்டில் ஆயிரம் தடவை பைக்கில் போயிருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் சிக்னலும் முன்னால் போகிற லாரியின் நம்பர் பிளேட்டும்தான். செப்டம்பர் 6, ஞாயிறு. என் பைக்கில் அப்பா, மனைவியின் ஸ்கூட்டரில் குட்டி. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ரோட்டோரம் வண்டியை நிறுத்தினோம்.

முதலில் வரவேற்றது பெருங்குடி குப்பைமேட்டு வாசனை. "மாஸ்க்கால கெடச்ச மொத நன்மை இதுதான்டா" என்றார் அப்பா.

அப்புறம் வெளிச்சம் வந்தது. கூழைக்கடா ஒன்று, முண்டாசு கட்டின வாத்தியார் மாதிரி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மிதந்து வந்தது. நீலமும் ஊதாவுமாக உடம்பு, சிவப்பு மூக்கு... நீலத் தாழைக்கோழி. சிவப்புக் குச்சியில் நிற்கிற மாதிரி நெட்டைக்கால் உள்ளான்கள். ஆபீஸ் போகிற அவசரத்தில் இருபது வருஷமாக இவற்றின் மீது ஹார்ன் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன்!

குட்டி ஸ்கூட்டரிலிருந்து இறங்கவில்லை. தாத்தாவின் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது ஞாயிறு இறங்கினாள். நான்காவது ஞாயிறு சனிக்கிழமை ராத்திரியே ஷூ போட்டுக்கொண்டு தூங்கினாள்.

டிசம்பரில் வந்தன வெளியூர் வாத்துகள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் மத்திய ஆசியாப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருபவை. "இதுங்களுக்கு இ-பாஸ் கேக்கலையா தாத்தா?" என்றாள் குட்டி. (2022-ல் இந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்ததாகப் பேப்பரில் படித்தபோது, சொந்தக்காரப் பையன் ஸ்டேட் ராங்க் வாங்கின மாதிரி நாலு பேருக்கு போன் செய்தேன்.)

அதே டிசம்பரில் இன்னொரு இலவசக் காட்சி. 21-ம் தேதியையொட்டி, சூரியன் மறைந்ததும் மேற்கே வியாழனும் சனியும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் இல்லையாம். மாடியில் பாய் விரித்து மேகம் விலகக் காத்திருந்து பார்த்தோம். "குருவுக்கும் சனிக்கும் மட்டும் சமூக இடைவெளி கிடையாதா?" என்றாள் மனைவி. விசாரித்ததில், நிஜத்தில் இரண்டுக்கும் நடுவே 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. நம்மைவிட ஒழுங்கு!

2021 காணும் பொங்கலுக்கு மெரீனாவில் அனுமதி இல்லை என்றார்கள். எட்டு வருஷமாக அங்கே போகாமல் டபாய்த்த எனக்கு அன்றைக்குத்தான் கடல் பைத்தியம் பிடித்தது. அதனால் மாடிக்கே மெரீனாவைக் கொண்டுவந்தோம். புளியோதரை, தயிர்சாதம், பட்டம் ஒன்று, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். பேப்பரைச் சுருட்டிப் பொட்டலம் கட்டி விற்றது குட்டி. ஒரு பொட்டலம் பத்து ரூபாய். கடன் கிடையாது.

*

இதோடு முடித்திருந்தால் நான் கெட்டிக்காரன். இல்லை.

மார்ச் கடைசி ஞாயிறு, அத்தை பையனுக்கு நிச்சயதார்த்தம். அப்பாவுக்கு முதல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. "அதான் ஊசி போட்டாச்சே, ஒரு வருஷமா சொந்தக்காரங்க மூஞ்சியவே பாக்கலியே" என்றார். மனைவி வேண்டாம் என்றாள். "எத்தனை நாளைக்குத்தான் வாத்தையே பார்த்துக்கிட்டிருக்கிறது?" என்று கேட்டவன் நான்தான்.

ஏ.சி. ஹால். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. 150 பேர் இருக்கலாம். போட்டோ எடுக்கும்போது மாஸ்க் தாடைக்கு இறங்கியது. பிறகு பலருக்கு மேலே ஏறவேயில்லை. எனக்கும்தான். பந்தியில் பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் அப்பாவுக்கு. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள், ஆக்ஸிஜனோடு. அப்பா திரும்பி வந்தார். அந்த ஹாலில் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போன பெரியம்மா திரும்பவில்லை.

குட்டி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அவளிடம் சொன்னேன்: "நீ வெளியே போனதால ஒண்ணும் ஆகலைம்மா. அப்பாதான் தப்பான இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கே ஜன்னல் மூடியிருந்துச்சுல்ல?" என்றாள்.

வீட்டுக்கு வந்த அப்பாவுக்கு ஹாலிலிருந்து பாத்ரூம் போவதே டூர் மாதிரி ஆகிவிட்டது. மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு. பள்ளிக்கரணைக்கும் போக முடியாது. மாடிக்கு 32 படி. முதல் வாரம் நான்கு படி ஏறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிவிடுவது குட்டியின் வேலை. "தொண்ணூத்தி மூணு. இன்னிக்கு போதும், இறங்கு தாத்தா!" டாக்டரைவிடக் கண்டிப்பு. திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டோம். எட்டுப் படி, பன்னிரண்டு, பதினாறு... சில வாரம் முன்னே போகாமல் பின்னாலேயும் போயிற்று.

2022 ஜனவரி 16. காணும் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது அலை, தமிழ்நாடு முழுக்க ஞாயிறு ஊரடங்கு. இந்த வருஷமும் மெரீனா இல்லை. மனைவி சுண்டலைத் தாளித்து மாடிக்கு அனுப்பிவிட்டாள். நான் பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். கீழே குட்டி எண்ணுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்டூல் கிட்டே ஒரு தடவை நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

"முப்பது... முப்பத்தொண்ணு..."

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெயிலுக்கு வந்து நின்றார். வேட்டியெல்லாம் வியர்வை. ஐந்து நிமிஷம் பேசவில்லை. ஆக்ஸிமீட்டர் 95 காட்டியது. பாயில் உட்கார்ந்து, நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னம்மா சுண்டல்காரி, எவ்வளவு?" என்றார்.

"பதினஞ்சு ரூபா."

"போன வருஷம் பத்துதானே!"

"விலைவாசி ஏறிடுச்சு தாத்தா."

அப்பா ஐந்து ரூபாயிலிருந்து பேரத்தை ஆரம்பித்தார்.