அடுக்களையை எட்டிப் பார்த்த தம்பதிகள்

நெடுந்தூரப் பயணம் புறப்படுவோர்க்கு வழிச்செலவைக் காட்டிலும் பெரிய கவலை ஒன்றுண்டு. இடைவழியிலே எந்தக் கடையை நம்பிச் சாப்பிடுவது? நம் முன்னோர் இதற்குக் கண்ட மருந்து கட்டுச்சோறு. அமெரிக்காவிலே ஒரு தம்பதிகள் கண்ட மருந்து வேறு. ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலுமே அது.

டங்கன் ஹைன்ஸ் என்பார் 1880ஆம் ஆண்டு கென்ரக்கி மாநிலத்துப் பௌலிங் கிறீன் என்னும் ஊரிற் பிறந்தவர். சிறு வயதிலே தாயை இழந்து, பாட்டியின் கைச்சமையலில் வளர்ந்தார். 1905இல் புளோரன்ஸ் என்னும் பெண்ணை மணந்து சிக்காகோ நகரிற் குடியேறினார். அச்சு வேலைகளுக்கு ஆள் பிடிக்கும் விற்பனைத் தொழில். ஊரூராய்த் திரிய வேண்டியவர். ஓய்வு நாளிலாவது வீட்டில் இருந்தாரா என்றால் அதுவுமில்லை. சனி ஞாயிறுகளிலே கணவனும் மனைவியுமாக மோட்டார் வண்டியில் ஏறி, நல்ல சாப்பாடு தேடிப் புறப்பட்டுவிடுவர்.

அக்காலத்து அமெரிக்கத் தெருக்களை இன்றைய நிலைகொண்டு எண்ணுதல் கூடாது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருகத் தெருவோரப் போசனசாலைகளும் புற்றீசல்போற் கிளம்பின. சுத்தம் என்பதை அறியாத கடைகள் அவற்றிற் பல. பழுதான உணவை உண்டு நோயுற்றோரும் உளர். முன்பின் அறியாத ஊரிலே, பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் படியேறுகின்றவனுக்கு உள்ளே நடப்பதை யார் சொல்வார்?

ஹைன்ஸ் மேசைவிரிப்பின் வெண்மையைக் கண்டு மயங்குபவர் அல்லர். அடுக்களையை எட்டிப் பார்ப்பார்; கொல்லைப்புறத்துக் குப்பைத்தொட்டியையும் விடமாட்டார். மனம் ஒப்பினால் உண்பார், உண்டதைக் குறித்துக்கொள்வார். இக்குறிப்புக்களைக் கேட்டு நண்பர்கள் ஓயாது நச்சரிக்கவே, 1935ஆம் ஆண்டு நத்தாருக்கு வாழ்த்து மடலுக்குப் பதிலாக ஒரு பட்டியலை அச்சிட்டு அனுப்பினர் தம்பதிகள். 30 மாநிலங்களில் 167 போசனசாலைகள் அதில் இடம்பெற்றன. முகமறியாதவர்களும் அதனைக் கேட்டு எழுதத் தொடங்கினர். மறு ஆண்டே, நல்லுணவு தேடிய சாகசங்கள் என்று பொருள்படும் பெயரோடு அது நூலாயிற்று.

அந்நூலிலே விளம்பரம் இல்லை. கடைக்காரர் உபசரித்து இலவசமாகப் படைத்தாலும் அவர் ஏற்பதில்லை. காசு கொடுத்தே உண்டார். நாம் பெரிதென மதிப்பது இதனையே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்மவர் வாக்கு. விருந்துக்குப் போன வீட்டுக்கு அது பொருந்தும். ஊராருக்கு வழிகாட்ட எழுதுகின்றவனுக்கோ அதுவே விலங்காகிவிடும். ஓசியில் உண்ட வாய் சாம்பாரிற் குற்றங் காணுமோ? இன்று கைத்தொலைபேசியும் கையுமாய்க் கடைகடையாக ஏறி இறங்கும் இளந்தம்பதிகள் நம்மிடையேயும் இருக்கின்றனர். அவர்தம் படங்களைப் பார்த்துப் பசியெடுக்கும் மாணவர்கள், அந்தச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

ஹைன்ஸின் சிபார்சுப் பலகை தொங்கிய கடைகளிலே பயணிகள் அச்சமின்றி வண்டியை நிறுத்தினர். தரம் குறைந்தால் அடுத்த பதிப்பிற் கடையின் பெயர் இராது. 1938இல் தங்குமிடங்களுக்கும் ஒரு நூல் வந்தது. அவ்வாண்டிலேயே புளோரன்ஸ் காலமானார். பிரபல வார சஞ்சிகை ஒன்று ஹைன்ஸைப் பற்றி எழுதி நாடறியச் செய்தது அதே ஆண்டின் இறுதியிலேதான். அப்புகழைக் காண அம்மையார் இருக்கவில்லை.

1949இல் ஹைன்ஸ் தம் பெயரை உணவுப்பொருள் வணிகத்துக்கு வழங்க இசைந்தார். 1951இல் அப்பெயரோடு கேக் மாப்பெட்டிகள் கடைக்கு வந்தன. 1959இல் அவர் மறைந்தார். 1962இல் வழிகாட்டி நூலும் நின்றுபோயிற்று. தாமே உண்டு பார்த்தன்றி ஒன்றைப் புகழாதவரின் பெயர், எவரோ கலந்த மாவுக்கு முத்திரையானது நமக்கு அத்துணை உவப்பாயில்லை. பெட்டிகள் இன்றும் விற்பனையாகின்றன. ஹைன்ஸ் என்பவர் உண்மையில் வாழ்ந்தவர் என்பதே வாங்குவோரிற் பலருக்குத் தெரியாது.